வயதானவர் மூளையில் அழற்சி வந்தால் புது நியூரான் பிறப்பது நின்றுவிடுமா?

3 செப்டம்பர் 2025 (கண்டனூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் குளிர்காய்ச்சல் வந்து இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசினார். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மருந்து கொடுத்தார்கள், சரியானது. ஆனால் அதிலிருந்து மறதி கூடிவிட்டது. யூடியூபில் ஒருவர் சொல்கிறார்: “உடம்பில் அழற்சி வந்தால் மூளையில் புது நியூரான் பிறப்பது நின்றுபோகும். அதனால்தான் காய்ச்சலில் பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறுகிறது. அழற்சியைக் குறைக்கிற வலி மாத்திரை தினம் ஒன்று போட்டால் மூளை காப்பாற்றப்படும்.” இது உண்மையா?

3 செப்டம்பர், இரவு

முதல் வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. அடுத்து வரும் “அதனால்தான்” தவறு. கடைசி வாக்கியம் ஆபத்து. மாத்திரையை ஆரம்பித்துவிடாதீர்கள் அண்ணே. விவரமாக நாளை எழுதுகிறேன்.

4 செப்டம்பர்

காரைக்குடியில் லேப் வைத்திருக்கிறேன். மைக்ரோபயாலஜி படித்தவள், மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் மேஜைக்குத் தினமும் வருகிற கேள்வி.

பெரியவர்களின் யூரின் சாம்பிளை, பாக்டீரியா வளர்க்கும் மெக்காங்கி அகார் தட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் திறந்தால் பல தட்டுகளில் அடர்ந்த இளஞ்சிவப்புப் பொட்டுகள் வரிசையாக முளைத்திருக்கும். ஈ.கோலை. அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்.பி.எஸ்., என்று ஒரு பொருள் உண்டு. நம் உடம்பின் எதிர்ப்பு செல்கள் அதைத் தொட்ட உடனே விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பைத்தான் அழற்சி என்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூளை அழற்சி ஆராய்ச்சியில் எலிக்குக் கொடுப்பதும் இதே எல்.பி.எஸ். தான். 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக் குழு எலியின் மூளைக்குள்ளேயே எல்.பி.எஸ்ஸைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியது. நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸில் புது நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பிறப்பது பெரிதும் குறைந்தது. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து மைக்ரோக்ளியாவை, அதாவது மூளையின் காவல் செல்களை, அடக்கியபோது பிறப்பு திரும்பியது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு குழு எல்.பி.எஸ்ஸை வயிற்றில் ஊசியாகப் போட்டது. மூளையை யாரும் தொடவில்லை, ஆனாலும் அங்கே நியூரான் பிறப்பு குறைந்தது. இண்டோமெதசின் என்ற வலி மாத்திரை கொடுத்ததும் மீண்டது. யூடியூப்காரர் பிடித்துக்கொண்டது இந்த இண்டோமெதசினைத்தான் என்று நினைக்கிறேன்.

வயிற்றில் போட்டது மூளைக்கு எப்படிப் போகிறது? பாக்டீரியா போக வேண்டியதில்லை, செய்தி போனால் போதும். ரத்தத்தில் ஏறும் ஐ.எல்-6, ஐ.எல்-1, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்பு செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள், மூளை ரத்தக் குழாய்ச் சுவரைத் தட்டுகின்றன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் செய்தி ஏறுகிறது. காய்ச்சலில் நமக்குச் சாப்பாடு பிடிக்காமல் போவதும் சுருண்டு படுத்துக்கொள்ளத் தோன்றுவதும் இதே செய்தியால்தான். மைக்ரோக்ளியா விழித்து, தானும் அதே சைட்டோகைன்களைச் சுரக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது மூலச் செல்கள், நியூரானாக மாறுவது தடைபடுகிறது.

இப்போது அந்த “அதனால்தான்”. ஒரு புது நியூரான் பிறந்து, கிளைவிட்டு, மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்ய எலிக்கே சுமார் நான்கு வாரம் ஆகும். குரங்குக்கு அதைவிட அதிகம். உங்கள் அம்மா ஒரே நாளில் தடுமாறினார், இரண்டே நாளில் தெளிந்தார். புது நியூரான் இல்லாததால் வந்த தடுமாற்றம் ஒரு ராத்திரியில் வராது, இரண்டு நாளில் போகவும் போகாது. அது டெலிரியம். இருக்கிற நியூரான்களே அந்த நேரத்தில் ஒழுங்காகப் பேசிக்கொள்ள முடியாத நிலை. புது நியூரான் விஷயத்தை யோசிக்க வேண்டிய இடம் அதற்கப்புறம் வாரக்கணக்கில் நீடிக்கும் மறதிதான். இரண்டும் வேறு வேறு கடிகாரம். அவற்றை ஒன்றாகக் கட்டியதில்தான் அந்த வீடியோவின் குழப்பம் எல்லாம்.

5 செப்டம்பர்

பள்ளத்தூரிலிருந்து ஒருவர்: “மூளை செல் பிறந்த பிறகு வளராது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?”

ஆமாம், அப்படித்தான் பாடம் இருந்தது. ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் ரமோன் இ காஹால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்று எழுதிவைத்தார். 1965இல் ஜோசஃப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் கதிரியக்கத் தைமிடின் கொடுத்து, எலியின் ஹிப்போகாம்பஸில் பிறந்த பிறகும் புது நியூரான் உண்டாவதைக் காட்டினார்கள். அதை இருபது வருஷத்துக்கும் மேல் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கட்டுரையில் இரண்டாவதாக நிற்கும் பெயர் நம் நாட்டுக்காரருடையது என்பதை லேபுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன்.

9 செப்டம்பர்

மனிதனுக்கு எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் எலிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

1998இல் ஸ்வீடன்-அமெரிக்கக் குழு ஒன்று, சிகிச்சையின்போது பி.ஆர்.டி.யு. என்ற அடையாளப்பொருள் செலுத்தப்பட்டிருந்த ஐந்து புற்றுநோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்த பிறகு பார்த்தது. பிரிகிற செல்லின் டி.என்.ஏ.வில் அந்தப் பொருள் ஒட்டிக்கொள்ளும். ஹிப்போகாம்பஸின் டென்டேட் கைரஸ் பகுதியில் அது ஒட்டிய நியூரான்கள் இருந்தன. அதாவது, பெரியவர்களாக இருந்தபோது பிறந்தவை.

2013இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஜோனஸ் ஃப்ரீசன் குழு இன்னொரு வழியில் போனது. 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. ஒரு செல் எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷத்து அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு பக்க ஹிப்போகாம்பஸுக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 புது நியூரான் என்றார்கள்.

2018இல் சான் ஃப்ரான்சிஸ்கோ குழு, பெரியவர்கள் மூளையில் தேடினோம், ஒன்றுகூட அகப்படவில்லை என்றது. ஒரு மாதத்துக்குள் கொலம்பியா குழு 79 வயது வரை இருக்கிறது என்றது. 2019இல் மாட்ரிட் குழு, இறந்த பிறகு மூளையை ரசாயனத்தில் எவ்வளவு நேரம் ஊறவைக்கிறோம் என்பதைப் பொறுத்து இளம் நியூரானின் அடையாளம் தெரிவதும் அழிவதும் இருக்கிறது என்று காட்டியது. சாம்பிளைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் இருப்பதும் இல்லாததாகிவிடும் என்பது லேபில் இருக்கும் எவருக்கும் தெரியும். எனக்கு அந்த விளக்கம் உடனே மனதில் உட்கார்ந்தது. அதே குழு, அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களிடம் இந்த இளம் நியூரான்கள் குறைந்திருப்பதையும் காட்டியது. 2025 ஜூலையில் ஃப்ரீசன் குழுவே மறுபடி வந்து, 78 வயது வரையுள்ளவர்களின் மூளையில் பிரிந்துகொண்டிருக்கும் மூலச் செல்களைக் கண்டதாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய. சிலரிடம் கணிசமாக இருந்தது, சிலரிடம் கிட்டத்தட்ட இல்லை.

ஆக, மனிதனுக்கு உண்டு என்ற பக்கம் வலுத்திருக்கிறது. ஆனால் காய்ச்சல் அடித்த ஒரு மனிதரின் உயிருள்ள மூளையில் புது நியூரான் எத்தனை என்று எண்ணிப் பார்க்க இன்றுவரை ஒரு டெஸ்டும் கிடையாது. ஸ்கேனில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது. அப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

14 செப்டம்பர்

அந்தப் புது நியூரானால் என்ன பயன் என்று புதுவயல் அக்கா கேட்டிருந்தார். என் அப்பத்தாவை வைத்துச் சொன்னால்தான் எனக்கே தெளிவாக வரும்.

எங்கள் பழைய வீட்டில் முகப்பு, பட்டாலை தாண்டினால் வளவு, அதாவது நடு முற்றம். நான்கு பக்கமும் தூண், தூணுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கதவுகள் எல்லாம் ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்தவை. நிலையில் அதே செதுக்கல், அதே பித்தளைக் குமிழ், வாசலில் அதே ஆத்தங்குடிக் கல். வெளியாள் வந்தால் எந்த அறை எது என்று திணறுவார். அப்பத்தா அறுபது வருஷமாக இருட்டிலேயே சரியாகத் தன் அறைக்குள் போனவர். நிமோனியா வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு பக்கத்து அறைக்குள் போய், “என் பெட்டகம் எங்கே?” என்று கேட்பார். நேற்று வந்த மாமாவையும் போன வாரம் வந்த சித்தப்பாவையும் ஒன்றாக்கிவிடுவார். ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த சாமான் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடுக்குவார்.

பழையது பத்திரமாக இருக்கிறது. ஒன்றுபோல இருக்கும் இரண்டைப் பிரித்து வைக்கிற இடத்தில்தான் கோளாறு. டென்டேட் கைரஸின் முக்கிய வேலையே இந்தப் பிரித்து வைப்பதுதான். எலியில் புது நியூரான் பிறப்பதைத் தடுத்தால் கிட்டத்தட்ட ஒரேமாதிரி இருக்கும் இரண்டு இடங்களை அதனால் பிரித்தறிய முடியாமல் போகிறது. புது நியூரான் இளசாக இருக்கும் சில வாரங்கள் எளிதில் தூண்டப்படும், எளிதில் புது இணைப்புப் போடும். அந்த வாரங்களில்தான் அதற்கு மதிப்பு.

15 செப்டம்பர்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அப்பத்தாவுக்கு நடந்தது புது நியூரான் குறைவால்தான் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் தூக்கம் கெட்டது, ஆக்சிஜன் இறங்கியது, தூக்க மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடியும் காது மெஷினும் வீட்டிலேயே கிடந்தன. ஒவ்வொன்றும் தனியாகவே மறதி உண்டாக்கக் கூடியது. எலிக்கு நடந்ததும் அப்பத்தாவுக்கு நடந்ததும் பொருந்திப்போகிறது, அவ்வளவுதான்.

20 செப்டம்பர்

மைக்ரோக்ளியாவை வில்லனாக்கிச் சிலர் எழுதுவதைப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

பிறக்கும் புது செல்களில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே செத்துவிடும். அது இயல்பு. அவற்றைச் சத்தம் இல்லாமல் விழுங்கி இடத்தைச் சுத்தமாக வைப்பது மைக்ரோக்ளியாதான், அழற்சி எதுவும் கிளப்பாமல். 2006இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மிக்கல் ஷ்வார்ட்ஸ் குழு இன்னொன்றும் காட்டியது. எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி-செல் இல்லாத சுண்டெலிகளில் நியூரான் பிறப்பு குறைவாக இருந்தது. எதிர்ப்பு சக்தி இல்லாவிட்டால் பிறப்பு கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம், நேர்மாறாக நடந்தது. ஐ.எல்-4 என்ற இன்னொரு சைட்டோகைன் தொட்ட மைக்ரோக்ளியா நியூரான் பிறப்புக்கு உதவியது, எல்.பி.எஸ். தொட்டது தடுத்தது. செல் ஒன்றே. நாற்றங்காலில் களை பறிக்கிற அதே கைதான், கோபத்தில் நாற்றையும் சேர்த்துப் பிடுங்குகிறது.

என்னுடைய கணிப்பைக் கேட்டால், கெடுதல் அழற்சி வருவதில் இல்லை, வந்தது அடங்காமல் இழுத்துக்கொண்டே போவதில் இருக்கிறது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்த டெஸ்டான சி.ஆர்.பி. 150 என்று ரிப்போர்ட் வந்து, மருந்து கொடுத்து, பத்து நாளில் 5க்குக் கீழே இறங்கினால் எனக்குக் கவலை குறைவு. மாதக்கணக்கில் 20, 25 என்றே நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சொத்தைப் பல், ஆறாத கால் புண், கட்டுப்படாத சர்க்கரை. அவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

21 செப்டம்பர்

கண்டனூர் அண்ணன் மறுபடி கேட்கிறார்: “அப்படியென்றால் வலி மாத்திரை ஏன் கூடாது? எலிக்குப் பலித்ததே.”

ஏனென்றால் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 70 வயது தாண்டிய, குடும்பத்தில் அல்சைமர் உள்ள 2,500க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நேப்ராக்சன் என்ற வலி மாத்திரை, ஒரு பகுதியினருக்கு செலகாக்சிப் என்ற வலி மாத்திரை, மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்த சோதனை ஒன்று 2001இல் தொடங்கியது. இதயப் பாதிப்பு பற்றிய கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரையை நிறுத்தினார்கள். மறதி தடுக்கப்படவில்லை. லுண்டில் எலிக்குப் பலித்த மினோசைக்ளினையும் பிரிட்டனில் ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி போகும் வேகம் மாறவில்லை.

எலிக்கு அழற்சி எந்த நிமிஷம் தொடங்கியது என்று தெரியும், ஏனென்றால் ஊசி போட்டவர் பக்கத்தில் நிற்கிறார். மனிதருக்கு அது எத்தனை வருஷமாக ஓடுகிறதோ.

வலி மாத்திரையைத் தினமும் விழுங்கிய பெரியவர்களின் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ஏறும் அளவு) ரிப்போர்ட்டை அடித்துக் கொடுப்பது நான்தான். 1.1 இருந்தது 2.8 ஆகி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் 6க்கு வந்தவர்களும் உண்டு. மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது வேறு கதை, அதை நிறுத்தச் சொல்லவில்லை.

28 செப்டம்பர்

மஞ்சளும் மிளகும். எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. “நம் செட்டிநாட்டுச் சமையலில் இல்லாத அழற்சி மருந்தா?” என்று தேவகோட்டையிலிருந்து.

மஞ்சளில் உள்ள குர்குமின் சுண்டெலிகளில் நியூரான் பிறப்பைக் கூட்டியதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம். 1998இல் பெங்களூரில் மனிதர்களிடம் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் அது 20 மடங்கு கூடியது. எல்லா விளம்பரமும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும், ஒரே வேளைக்கு. அந்த ஏற்றமும் சில மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது.

குழம்பைச் சாப்பிடுங்கள், ருசிக்காகச் சாப்பிடுங்கள். காப்ஸ்யூல் வேண்டாம். பைப்பரின் கல்லீரல் மருந்துகளைக் கழிக்கும் வேகத்தைக் குறைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினைட்டாயின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் கூடிவிடும். மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றியும் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

6 அக்டோபர்

இந்த இழையைப் படித்துவிட்டு, “அப்பாவுக்கு இரண்டு நாளாகப் பேச்சு சரியில்லை, யூரின் கல்ச்சர் மட்டும் போடுங்கள்” என்று ஒரு மகன் லேபுக்கு வந்தார். யூரின் டெஸ்ட் ஒன்றே போதும் என்று தோன்றும்படி எழுதிவிடக் கூடாது, அதனால் இது.

வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலே யூரினில் பாக்டீரியா இருக்கும். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லாமல் தட்டில் மட்டும் முளைத்தால் அதுவே காரணம் என்று ஆகாது. ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு உண்மையான காரணத்தைத் தவறவிடுவதும் நடக்கிறது. அந்த மகன் அழைத்து வந்த பெரியவருக்கு ரத்தத்தில் சோடியம் 116, ஆபத்தான அளவுக்குக் குறைவு. வாந்தியும், ரத்த அழுத்தத்துக்கான தண்ணீர் மாத்திரையும் சேர்ந்து இறக்கியிருந்தன. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

திடீரென்று புத்தி தடுமாறினால் அது வயசு இல்லை. வயசு ஒரு ராத்திரியில் வராது. சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன், மார்புச் சளி, யூரின் அடைப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எங்காவது விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். முகம் கோணினாலோ ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ லேபுக்கு வராதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், இருமல் சிரப் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது பாதி வேலையை முடித்துவிடும்.

19 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது, அதனால் இந்தச் சின்னக் குறிப்பு. இதுவரை பேசியதெல்லாம் உடம்பின் வேறு இடத்துத் தொற்று மூளைக்குச் செய்தி அனுப்புவது பற்றி. வைரஸே மூளைக்குள் போகிற நோயும் நம் மாநிலத்துக்குப் பழையது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழு, இந்த வைரஸ் நியூரானாக மாறவேண்டிய மூலச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவை பெருகுவதைக் குறைக்கிறது என்று சுண்டெலிக் குட்டிகளில் காட்டியது. பிழைத்த குழந்தைகள் பலருக்குப் படிப்பும் நினைவும் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, பன்றி, கொக்கு இனப் பறவைகள் வழியாக இது பரவுகிறது. இதற்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

2 நவம்பர்

கொத்தமங்கலத்திலிருந்து ஒரு தங்கை தனியாக எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு நுரையீரல் புற்று மூளைக்குப் பரவி, தலை முழுவதும் ரேடியேஷன் கொடுக்கப் போகிறார்கள். நினைவு போய்விடுமா என்று கேட்கிறாள். அவள் சம்மதத்தோடு பதிலை இங்கே வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஸ்டான்ஃபோர்டு குழு 2003இல் எல்.பி.எஸ்ஸோடு கதிர்வீச்சையும் பார்த்தது. தலையில் கதிர் பட்ட எலிகளில் மைக்ரோக்ளியா கிளர்ந்து, புது நியூரான் பிறப்பு குறைந்தது. இந்த ஆராய்ச்சி வரிசையில் மனிதனுக்கு நேராக வந்து சேர்ந்த பலன் இங்கேதான் இருக்கிறது. தலை முழுவதும் கதிர் கொடுக்கும்போது இரண்டு பக்க ஹிப்போகாம்பஸில் மட்டும் அளவைக் குறைத்துக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில், மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமாண்டின் மாத்திரையோடு இந்த முறையில் கதிர் கொடுத்தவர்களுக்கு நினைவும் யோசனையும் கெடுவது குறைவாக இருந்தது. ஆயுள் குறையவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டி ஹிப்போகாம்பஸை ஒட்டி இருந்தால் அந்த இடத்தை விட்டுவைக்க முடியாது. கட்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்றால் தலை முழுவதும் கொடுக்காமல் கட்டிக்கு மட்டும் கொடுக்கலாமா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது, “ஹிப்போகாம்பஸில் மட்டும் அளவைக் குறைத்துக் கதிர் கொடுக்க முடியுமா, மெமாண்டின் வேண்டுமா?” என்று இரண்டையும் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போ. மாஸ்க் அளவெடுத்துத் திட்டம் போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடு.